சீன மருத்துவ மரபில் 'குய்-ஜி': கிளையா, பட்டையா? – ஒரு மூலபாட வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீன மருத்துவ மரபின் அடிப்படை மருந்துகளுள் ஒன்று 'குய்' எனப்படும் சீன இலவங்கம். இன்றைய சீன மருந்துத் தரநூல் இம்மரத்தின் பட்டையை 'ரோ-குய்' என்றும் இளங்கிளையைக் 'குய்-ஜி' என்றும் இரு தனி மருந்துகளாகப் பிரித்து, இரண்டிற்கும் வெவ்வேறு குணங்களையும் அளவுகளையும் வகுத்துள்ளது. ஹான் காலத்து மருத்துவரான ஜாங் ஜோங்ஜிங்கின் நூலில் இடம்பெறும் 'குய்-ஜி', இன்று அப்பெயரால் வழங்கும் இளங்கிளைதானா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. அகழாய்வுச் சான்றுகள், மருந்துப்பொருள் நூல்கள், சொங் காலப் பதிப்புப் பணி, ஜப்பானில் எஞ்சியுள்ள சான்றுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, பண்டைய 'குய்-ஜி' கிளையின் பட்டையைக் குறித்தது என்றும், கிளை முழுவதையும் குறிக்கும் பொருள் 12ஆம் நூற்றாண்டிற்குப் பின்னரே வலுப்பெற்றது என்றும் நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சீன மருத்துவம், இலவங்கம், குய்-ஜி, ரோ-குய், ஷாங்ஹான் லுன், மூலபாட ஆய்வு, லின் யீ, மருந்துப்பெயர்.

முன்னுரை

மருத்துவ நூலொன்றின் பாடம் பிழைபடுமாயின், அதன் விளைவு படிப்பவரின் பொருள்கோளோடு நின்றுவிடுவதில்லை. மருந்து உண்பவரின் உடல்வரை சென்று சேர்கிறது. இலக்கியச் சுவடியில் ஒரு சொல் மாறினால் பாடலின் நயம் மாறலாம். மருத்துவச் சுவடியில் ஒரு சொல் மாறினால் கசாயப் பானையில் இடப்படும் பொருளே மாறிவிடும். ஆகவே மருத்துவ நூல்களின் பதிப்பு வரலாற்றை ஆராய்வது மருத்துவர்க்கும் மூலபாட ஆய்வாளர்க்கும் பொதுவான கடமையாகிறது.

இக்கடமையின் தன்மையை விளக்கத்தக்க ஓர் எடுத்துக்காட்டு, சீன மருத்துவத்தின் 'குய்-ஜி' என்னும் பெயர். 'குய்' என்பது மரத்தையும் 'ஜி' என்பது கிளையையும் குறிக்கும் சீனச் சொற்கள். சொல்லளவில் பார்த்தால் ஐயத்திற்கே இடமில்லை. 'குய் மரத்தின் கிளை' என்பதே நேர்பொருள். எனினும் இப்பெயரோடு பழைய நூல்களில் இணைந்து வரும் 'பட்டை நீக்குக' என்னும் இரு சொல் குறிப்பு இந்த நேர்பொருளோடு ஒத்துப்போகவில்லை. இம்முரணே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

மரமும் அதன் இரு மருந்துகளும்

சீன மருத்துவத்தில் பயன்படும் இலவங்கம், சின்னமோமம் காசியா என்னும் தாவரவியல் பெயருடையது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கருவா எனப்படும் சின்னமோமம் வேரம் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆயினும் வேறு இனம். சீன இலவங்கத்தின் பட்டை தடித்தது, கரடானது, காரம் மிக்கது. இலங்கைக் கருவாவின் பட்டை மெல்லியது. பல அடுக்குகளாகச் சுருளக்கூடியது.

சீன இலவங்கம் வளரும் நிலப்பகுதி தென்சீனமும் வடவியட்நாமும் ஆகும். சீனாவின் குவாங்சி தன்னாட்சிப் பகுதியும் குவாங்டொங் மாகாணமும் இதன் முதன்மையான விளைநிலங்கள். குவாங்சியின் சுருக்கப்பெயரே 'குய்' என்பதுதான். கி.மு. 214இல் சின் பேரரசு தென்பகுதியை வென்று அமைத்த ஆட்சிப்பிரிவுகளுள் ஒன்று 'குயிலின்', அதாவது 'குய் காடு', என்று பெயர் பெற்றது. 'குய்' என்னும் இதே எழுத்து பிற்காலத்தில் மணமிக்க சிறு பூக்களைத் தரும் ஒஸ்மாந்தஸ் மரத்திற்கும் வழங்கியது. ஆகவே இவ்வெழுத்தைக் கண்டவுடன் இலவங்கம் எனக் கொள்வதும் பொருந்தாது. இடம் நோக்கியே பொருள்கொள்ள வேண்டும்.

இன்றைய சீன மருந்துத் தரநூல் இம்மரத்திலிருந்து இரு மருந்துகளை ஏற்கிறது. முதலாவது ரோ-குய், இது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் உரித்து நிழலில் உலர்த்தப்படும் பட்டை. காரமும் இனிப்பும் உடையது, மிகு வெப்ப வீரியம் கொண்டது, சிறுநீரகம், மண்ணீரல், இதயம், கல்லீரல் ஆகியவற்றின் வழிகளைச் சார்வது என அந்நூல் வகுக்கிறது. இதன் நாளளவு 1 முதல் 5 கிராம். இரண்டாவது குய்-ஜி; இது இளவேனிலிலும் கோடையிலும் வெட்டி உலர்த்தப்படும் இளங்கிளை. இதற்கும் சுவை காரமும் இனிப்புமே. ஆனால் வீரியம் மிதவெப்பம். இதயம், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் வழிகளைச் சார்வது. இதன் நாளளவு 3 முதல் 10 கிராம். இரண்டின் மணத்திற்கும் காரத்திற்கும் காரணமான சின்னமால்டிஹைடு பட்டையில் 1.5 விழுக்காட்டிற்கும், கிளையில் 1.0 விழுக்காட்டிற்கும் குறையலாகாது என்பது அந்நூலின் தரவிதி.

இவ்விரண்டும் மருத்துவக் கோட்பாட்டில் எதிரெதிர்த் திசைகளில் இயங்குபவை. கிளை உடலின் மேற்பரப்பிற்கும் கை கால்களுக்கும் சென்று, வியர்வையைத் தூண்டி, குளிரால் வந்த நோயை வெளியேற்றுவது. பட்டை உடலின் அடிப்பகுதிக்கு இறங்கிச் சிறுநீரகத்தின் வெப்பத்தை நிலைநிறுத்துவது. இன்றைய சீன மருத்துவ மாணவர் தொடக்கநிலையிலேயே கற்கும் பாகுபாடு இது. இந்தப் பாகுபாடு எவ்வளவு பழமையானது என்பதே ஆராய்தற்குரியது.

ஹான் காலச் சான்றுகள்

சீன மருத்துவச் சுவடிகளுள் மிகப் பழையவற்றில் சில, ஹுனான் மாகாணத்தின் மாவாங்துய் கல்லறைகளில் கிடைத்தவை. கி.மு. 168இல் மூடப்பட்ட மூன்றாம் கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் இருந்தன. இன்றைய பதிப்பாசிரியர்களால் '52 நோய்களுக்கான மருந்து முறைகள்' எனப் பெயரிடப்பட்ட சுவடியும் அவற்றுள் ஒன்று. அதில் குய் பல மருந்து முறைகளில் இடம்பெறுகிறது. அதே இடத்தின் முதலாம் கல்லறையில், இறந்த பெருமாட்டியோடு வைக்கப்பட்ட மணப்பொருள்களிடையே இஞ்சி போன்றவற்றுடன் இலவங்கப் பட்டைத் துண்டுகளும் கிடைத்தன. 1972இல் கான்சு மாகாணத்தின் வூவெய்யில் கண்டெடுக்கப்பட்ட கிழக்கு ஹான் காலத்து மரச் சில்லுகளிலும் குய் என்னும் மருந்துப்பெயர் வருகிறது.

மருந்துப்பொருள் நூல்களுள் முதலாவதாகப் போற்றப்படும் 'ஷென்னோங் பென்சாவ் ஜிங்' 365 மருந்துகளை மூன்று தரங்களாகப் பகுக்கிறது. மூலம் மறைந்து, பிற்கால நூல்களின் வழியே அறியப்படும் இந்நூல் இலவங்கத்தை இரு பெயர்களில் பதிவுசெய்கிறது. ஒன்று மு-குய், மற்றொன்று மூங்கில் குழல்போல் சுருண்ட ஜுன்-குய். இரண்டும் முதல் தரத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஜுன்-குய்யைப் பிற மருந்துகளுக்கு முன்னே சென்று வழிதிறக்கும் தூதுவனாக அந்நூல் கருதுகிறது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பெயர்கள் இரண்டாக இருப்பினும், 'கிளை' எனத் தனியொரு மருந்து இந்நூலில் இல்லை.

ஷாங்ஹான் லுன்னும் 'பட்டை நீக்குக' என்னும் குறிப்பும்

கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் ஜாங் ஜோங்ஜிங் இயற்றிய நூல், குளிரால் வரும் காய்ச்சல்களையும் பிற நோய்களையும் பற்றியது. காலப்போக்கில் சிதறிய இந்நூலை மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷூஹே ஒழுங்குபடுத்தினார். பின்னர் இது 'ஷாங்ஹான் லுன்', 'ஜின்குய் யாவ்லுவெ' என்னும் இரு நூல்களாக நிலைபெற்றது. ஷாங்ஹான் லுன்னில் முதலாவதாக வரும் மருந்து முறையே 'குய்-ஜி கசாயம்' (குய்-ஜி தாங்).

நடப்பிலுள்ள பாடத்தின்படி இதில் ஐந்து பொருள்கள் சேர்கின்றன: குய்-ஜி 3 லியாங், ஷாவ்யாவ் என்னும் வேர் 3 லியாங், வறுத்த அதிமதுரம் 2 லியாங், பச்சை இஞ்சி 3 லியாங், சீன இலந்தை 12. இவற்றை 7 ஷெங் நீரில் இட்டு, சிறுதீயில் 3 ஷெங்காக வற்றவைத்து, வடித்து, ஒரு வேளைக்கு 1 ஷெங் வீதம் வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். சற்று நேரத்தில் சூடான கஞ்சியும் குடித்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் உடல் முழுவதும் மெல்ல வியர்க்கும். நீர்போல் வடியுமளவு வியர்க்கவிடலாகாது. முதல் வேளையிலேயே வியர்த்து நோய் நீங்கினால் எஞ்சியதைக் குடிக்க வேண்டியதில்லை. இவ்வளவு நுணுக்கமாக வழிகாட்டும் நூல், குய்-ஜி என்னும் பெயரை அடுத்து 'பட்டை நீக்குக' என்று குறிக்கிறது. மாஹுவாங் கசாயம் முதலிய பிற முறைகளிலும் இக்குறிப்பு தொடர்கிறது.

குய்-ஜி என்பது இன்று வழங்கும் மெல்லிய இளங்கிளை எனக் கொண்டால் இக்குறிப்பு விளங்கவில்லை. இலவங்கக் கிளையின் மணமும் காரமும் பெரிதும் அதன் பட்டையில் அடங்கியவை. அதை நீக்கினால் எஞ்சுவது வலுவற்ற கட்டை மட்டுமே. சிங் காலத்து உரையாசிரியர் சிலர் இம்முரணை உணர்ந்து, 'பட்டை நீக்குக' என்பதற்குப் பட்டை முற்றிய கிளைகளை ஒதுக்கி நுனித் தளிர்க்கிளைகளை மட்டும் கொள்க என்று பொருள்கூறினர். மூலத்திலுள்ள சொற்கள் இவ்விளக்கத்திற்கு இயல்பாக இடந்தருவனவாக இல்லை.

இதற்குத் தெளிவான விடை தாவோ ஹோங்ஜிங்கிடம் (456–536) கிடைக்கிறது. ஏறத்தாழ கி.பி. 500இல் 730 மருந்துகளுடன் பென்சாவ் ஜிங்கிற்கு விரிவுரை வகுத்த இவர், மருந்துகளை நிறுக்கும் முறையை விளக்குமிடத்தில் குய்-சின், ஹௌபோ, துஜோங் முதலிய சில மருந்துகளை ஒரே வகையில் சேர்க்கிறார். அவற்றின் மேற்புறத்தில் உள்ள, மென்மையும் செதிலும் கொண்ட சுவையற்ற பகுதியைச் சீவியெறிந்து, உள்ளே சுவையுள்ள பகுதியையே எடைபோட வேண்டும் என்பது அவர் கூறும் விதி. ஹௌபோவும் துஜோங்கும் மரப்பட்டைகள். அவ்வரிசையில் இலவங்கமும் நிற்பதால், இங்கு நீக்கப்படுவது பட்டையின் புறத்தே உள்ள தக்கைப் பகுதியே என்பது புலனாகிறது. 'பட்டை நீக்குக' என்னும் குறிப்பையும் இவ்வாறே கொண்டால் முரண் நீங்குகிறது. அதாவது மருந்து பட்டை. நீக்கப்படுவது அப்பட்டையின் மேல்தோல். 'குய்-சின்', அதாவது 'குய்யின் நெஞ்சு', என்னும் பெயரும் இவ்வாறு சீவிய உட்பட்டையையே சுட்டுகிறது.

தாங் காலம்: ஒரு பொருள், மூன்று பெயர்கள்

கி.பி. 659இல் தாங் அரசின் ஆணைப்படி சு ஜிங் தலைமையில் தொகுக்கப்பட்ட 'சின்சியூ பென்சாவ்' இவ்வாய்வில் இன்றியமையாத சான்று. குய் வகைகளைப் பிரித்துரைக்கும் இந்நூல், சிறு கிளைகளின் சதைப்பற்று மிக்க, பாதி சுருண்ட பட்டையை விவரித்து, அதற்கு ரோ-குய், குய்-ஜி, குய்-சின் என மூன்று பெயர்களையும் வழங்குகிறது. இன்று எதிரெதிர் மருந்துகளாகக் கருதப்படும் ரோ-குய்யும் குய்-ஜியும் ஏழாம் நூற்றாண்டு அரசாங்க மருந்து நூலில் ஒரே பொருளின் மாற்றுப்பெயர்களாக இருந்தன என்பது இதனால் உறுதியாகிறது. 'ஜி' என்னும் சொல் கிளையையே குறித்தாலும், மருந்துப்பெயரில் அது பட்டை உரிக்கப்படும் இடத்தைச் சுட்டியது. மருந்தாகும் உறுப்பைச் சுட்டவில்லை.

தாங் கால மருத்துவத் தொகுப்புகளும் இதற்கு அரண் சேர்க்கின்றன. சுன் சிமியாவின் 'சியென்ஜின் யாவ்ஃபாங்' (ஏறத்தாழ 652), வாங் தாவோவின் 'வாய்தாய் மியாவ்' (752) ஆகியவற்றில் இலவங்கத்திற்குக் குய்-சின் என்னும் பெயரே மிகுதியாக ஆளப்படுகிறது. ஜாங் ஜோங்ஜிங்கிடமிருந்து எடுத்தாளப்பட்ட முறைகள் பலவற்றிலும், இன்றைய ஷாங்ஹான் லுன் குய்-ஜி எனக் காட்டும் இடத்தில் இத்தொகுப்புகள் குய் அல்லது குய்-சின் எனக் காட்டுகின்றன.

ஜப்பானில் எஞ்சிய சான்றுகள் இப்படிமத்தை நிறைவுசெய்கின்றன. கி.பி. 756இல் பேரரசி கோம்யோ நாரா நகரின் தோதாய்ஜி கோயிலுக்கு 60 மருந்துகளைக் காணிக்கையாக்கினார். அம்மருந்துகளின் பட்டியலில் குய்-சின் இடம்பெறுகிறது. ஷோசோயின் கருவூலத்தில் அம்மருந்து இன்றும் எஞ்சியுள்ளது, அது மரப்பட்டையே. 984இல் தம்பா நோ யாசுயோரி தொகுத்த 'இஷின்போ' சொங் காலப் பதிப்புப் பணிக்கு முற்பட்ட சீன நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்தாள்வது. அதிலும் குய்-சின் என்னும் பெயர் பரவலாக வழங்குகிறது.

சொங் காலப் பதிப்பும் பெயர் ஒருமைப்பாடும்

1057இல் சொங் அரசு மருத்துவ நூல்களைத் திருத்திப் பதிப்பிக்கத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. லின் யீ, காவ் பாவ்ஹெங், சுன் சி முதலிய அறிஞர்கள் அதில் பணியாற்றினர். ஷாங்ஹான் லுன் 1065இலும் ஜின்குய் யாவ்லுவெ அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. கையெழுத்துச் சுவடிகளாகப் பல பாடங்களில் உலவிய மருத்துவ நூல்கள் இப்பணியால் அச்சில் ஒரே பாடமாக நிலைபெற்றன. இன்று ஷாங்ஹான் லுன் எனப் பயிலப்படுவது பெரிதும் இப்பதிப்பின் வழிவந்ததே. அதன் முதல் அச்சுப்படி மறைந்துவிட்டது. 1599இல் ஜாவ் கைமெய் வெளியிட்ட மறுபதிப்பே அதன் பாடத்தைக் காத்துத் தந்தது.

ஜப்பானிய மருத்துவ வரலாற்றாய்வாளர் மயனாகி மகோதோ, ஜாங் ஜோங்ஜிங்கின் நூல்களில் குய், குய்-சின் எனப் பலவாறு இருந்த மருந்துப்பெயர்களை லின் யீ குழுவினரே குய்-ஜி என ஒருமைப்படுத்தினர் என்னும் கருத்தை முன்வைத்துள்ளார். மேற்காட்டிய தாங் காலப் பாடவேறுபாடுகள் இதற்கு வலுவூட்டுகின்றன. இப்பதிப்பாசிரியர்கள் வேறொரு மருந்துப்பெயரையும் இவ்வாறு கையாண்டனர் என்பது ஆய்வாளர் பலருக்கும் உடன்பாடு. பழைய நூல்களில் பொதுவாக 'ஜூ' என வழங்கிய வேர் மருந்து, சொங் பதிப்புகளில் 'பாய்-ஜூ' (வெண் ஜூ) என வரையறுக்கப்பட்டது. எனவே குய்-ஜி மாற்றம் தற்செயலான எழுத்துப் பிழையாகாது. பதிப்பு நெறியொன்றின் விளைவாகவே கொள்ளத்தக்கது.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்துதல் வேண்டும். பெயர் ஒருமைப்பட்டதும் பொருள் மாறியதும் ஒரே நிகழ்வல்ல. 'குய்-ஜி கசாயம்' என்னும் முறைப்பெயர் தாங் கால நூல்களிலேயே உள்ளது. லின் யீ குழுவினர் அப்பெயரைப் புதிதாகப் படைக்கவில்லை. குய்-ஜி எனத் தாம் எழுதியபோது அவர்கள் இளங்கிளையைக் கருதினர் என்பதற்கும் சான்றில்லை. சின்சியூ பென்சாவின் வரையறைப்படி அது கிளைப்பட்டைக்கு ஏற்ற பெயரே. பதிப்பு வெளிவந்து 51 ஆண்டுகளுக்குப் பின் 'பென்சாவ் யான்யீ' (1116) இயற்றிய கோ சோங்ஷி இதனை உறுதிப்படுத்துகிறார். பென்சாவ் ஜிங் குய் என்று மட்டுமே கூற, ஜாங் ஜோங்ஜிங் குய்-ஜி எனக் கூறியது ஏன் என்னும் வினாவை அவரே எழுப்பி, கிளையின் மேலுள்ள பட்டையைக் கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து என விடையிறுக்கிறார். அடிமரத்தின் தடித்த பகுதி இம்முறைக்கு ஏற்றதன்று என்றும் குறிக்கிறார்.

பொருள் மாற்றம்: பட்டையிலிருந்து கிளைக்கு

இளங்கிளையை மருந்தாக்கும் வழக்கம் இக்காலத்தில் அறவே இல்லாமலில்லை. 1092இல் சென் செங் 'லியூ-குய்' என்னும் மருந்தைக் குறிக்கிறார். இது குய் மரத்தின் மென்மையான சிறு கிளை. உடலின் மேற்பகுதிக்குரிய மருந்துகளில் சேர்க்க ஏற்றது என்பது அவர் கருத்து. ஆக, 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இளங்கிளை மருந்தாக இருந்தது. ஆனால் அதற்குத் தனிப்பெயர் இருந்தது. குய்-ஜி என்பது கிளைப்பட்டையையும் லியூ-குய் என்பது இளங்கிளையையும் சுட்டிய நிலை இது.

அடுத்து வந்த ஜின்–யுவான் காலத்தில் ஜாங் யுவான்சு, லி காவ் (1180–1251) முதலியோர் மருந்துகளின் இயக்கத்திசை பற்றிய கோட்பாட்டை வளர்த்தனர். சுவையும் மணமும் தடித்தவை கீழிறங்கும், மெல்லியவை மேலெழும் என்பது அதன் அடிப்படை. ஒரே மரத்தின் தடித்த பட்டை சிறுநீரகத்திற்கு இறங்குவதாகவும், மெல்லிய கிளைப்பகுதி உடலின் மேற்பரப்பிற்கு ஏறுவதாகவும் கொள்ள இக்கோட்பாடு வழிவகுத்தது. வியர்வையைத் தூண்டும் கசாயத்தின் முதன்மை மருந்துக்குக் 'கிளை' என்று பெயரிருப்பது கோட்பாட்டோடு மிக இயல்பாகப் பொருந்தியது. மரத்தின் கிளை மனித உடலின் கை கால்களுக்குச் செல்லும் என்னும் ஒப்புமையும் இதற்குத் துணைநின்றது. இவ்வாறு லியூ-குய்யின் இடத்தை மெல்ல மெல்லக் குய்-ஜி எடுத்துக்கொண்டது. சிங் காலத்தில் குய்-ஜி இளங்கிளையே என்பது பொதுவழக்காயிற்று. 'பட்டை நீக்குக' என்னும் பழங்குறிப்புக்குப் புதுவிளக்கம் தேட வேண்டிய நெருக்கடி உரையாசிரியர்க்கு நேர்ந்ததும் இதனாலேயே.

ஜின்குய் யாவ்லுவெ நூலின் 'சிறுநீரக ஆற்றல் உருண்டை' (ஷென்சி வான்) இம்மாற்றத்தின் விளைவைத் தெளிவாகக் காட்டுகிறது. மூலத்தில் இதன் எட்டுப் பொருள்களுள் ஒன்று குய்-ஜி 1 லியாங். ஆனால் இம்மருந்து உடலின் மேற்பரப்பிற்குரியதன்று, சிறுநீரகத்திற்குரியது. ஆகவே பிற்கால மருத்துவர்கள் குய்-ஜிக்கு மாற்றாக ரோ-குய்யைச் சேர்த்தனர். குய்-ஜி பட்டை எனக் கொண்டிருப்பின் இம்மாற்றத்திற்கே தேவை எழுந்திராது. பெயரின் பொருள் மாறியதால் ஓரிடத்தில் கிளையும் மற்றோரிடத்தில் பட்டையும் மூலத்தின் ஒரே சொல்லுக்கு ஈடாயின.

எடைச் சான்றும் அதன் வரம்பும்

குய்-ஜி பட்டையே எனக் கொள்வதற்கு எதிராக அளவைக் காரணங்காட்டுவதுண்டு. ஹான் காலத்து லியாங் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 13 முதல் 16 கிராம் வரை மதிப்பிடப்படுகிறது. அதன்படி 3 லியாங் என்பது ஏறத்தாழ 40 கிராமோ அதற்கு மேலோ ஆகும். 5 கிராமை மேல்வரம்பாகக் கொண்ட பட்டையை இவ்வளவு கொடுத்திருக்க இயலுமா என்பது நியாயமான வினாவே.

எனினும் இவ்வாதம் சிக்கலைத் தீர்க்கவில்லை. கிளையின் இன்றைய மேல்வரம்பான 10 கிராமோடு ஒப்பிடினும் அவ்வளவு மிகையே. மேலும், அது மூன்று வேளைக்கு வகுக்கப்பட்ட கசாயத்தின் மொத்த எடை. முதல் வேளையிலேயே நோய் நீங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கே உட்கொள்ளப்படும். மிங் காலத்தில் லி ஷிஜென் (1518–1593), பண்டைய 1 லியாங்கிற்குத் தம் காலத்து 1 சியென்னை, அதாவது லியாங்கின் பத்தில் ஒரு பங்கை, ஈடாகக் கொள்ளலாம் என்றார். இன்றைய அளவுகள் பெரிதும் இத்தகைய மரபின் வழிவந்தவை. ஆகவே இன்றைய அளவை வைத்து ஹான் கால மருந்தின் உறுப்பை முடிவுசெய்வது, பின்வந்த வழக்கால் முன்னிருந்ததை அளப்பதாகும்.

இன்றைய விளைவுகள்

இவ்வினா நூலகத்தோடு முடிவதன்று. சீனாவில் ஒருவர் குய்-ஜி கசாயம் அருந்தினால் அதில் இருப்பது இளங்கிளை. ஜப்பானின் கம்போ மருத்துவத்தில் அதே பெயருடைய 'கெய்ஷி-தோ' அருந்தினால் அதில் இருப்பது 'கெய்ஹி', அதாவது இலவங்க மரத்தின் பட்டை. பெயரும் மூலநூலும் ஒன்றே, உட்பொருள் வேறு. ஒரு நாட்டில் நிகழும் மருத்துவ ஆய்வின் முடிவை மற்றொரு நாட்டு மருந்துக்குப் பொருத்திப் பார்ப்போர் இவ்வேறுபாட்டை முதலில் கருதுதல் வேண்டும்.

சீன மருத்துவத்தைத் தமிழில் எழுதுவோர்க்கும் இங்கு ஒரு சிக்கல் உண்டு. தமிழில் இம்மருந்துக்கு வழங்கும் இலவங்கப்பட்டை, கருவாப்பட்டை, பட்டை ஆகிய சொற்கள் அனைத்தும் உறுப்பின் பெயரைத் தம்முள் கொண்டவை. குய்-ஜி என்பதை 'இலவங்கப்பட்டை' என மொழிபெயர்த்தால் இன்றைய சீன வழக்குக்கு முரணாகும். 'இலவங்கக் கிளை' என மொழிபெயர்த்தால் ஹான் கால நூலுக்கு முரணாகலாம். 'இலவங்கம்' என்று மட்டும் எழுதினாலோ, அச்சொல் கிராம்பையும் குறிப்பதால் வேறொரு குழப்பம் நேரும். இனம் பற்றிய மயக்கமும் இதனோடு சேர்கிறது. தமிழகக் கடைகளில் 'பட்டை' என்னும் ஒரே பெயரில் சீன இலவங்கமும் இலங்கைக் கருவாவும் விற்கப்படுகின்றன. 'சீன மரம்' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த 'தால்சீனி' வட இந்தியாவில் இரண்டிற்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆகவே சீன நூல்களைத் தமிழாக்குவோர் குய், குய்-ஜி, ரோ-குய், குய்-சின் என்னும் மூலப்பெயர்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே தந்து, நூலின் காலத்திற்கேற்ற பொருளை உடன் விளக்குவதே பொருத்தமான நெறியாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

ஹான் காலச் சான்றுகள் குய்யைப் பட்டை மருந்தாகவே காட்டுகின்றன. ஷாங்ஹான் லுன்னின் 'பட்டை நீக்குக' என்னும் குறிப்பு, தாவோ ஹோங்ஜிங்கின் நிறுத்தல் விதியோடு சேர்த்துப் படிக்கும்போது, பட்டையின் மேல்தோலைச் சீவுவதையே குறிக்கிறது.

கி.பி. 659இல் குய்-ஜியும் ரோ-குய்யும் ஒரே கிளைப்பட்டையின் இரு பெயர்கள். 1116இலும் குய்-ஜி கிளைப்பட்டையாகவே விளக்கப்பட்டது.

சொங் காலப் பதிப்பாசிரியர்கள் செய்தது பெயரின் ஒருமைப்பாடு. பொருளின் மாற்றம் ஜின்–யுவான் காலக் கோட்பாட்டின் துணையால் பின்னர் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி லின் யீ குழுவினர்மேல் பழிசுமத்துவது பொருந்தாது.

இம்முடிவுகளால் இளங்கிளையின் மருத்துவப் பயன் குறைவுடையது என்றாகிவிடாது. பல நூற்றாண்டுகளாக நோயாளிகளிடம் பயன்பட்டுவரும் கிளை, தன்னளவில் ஒரு மரபு. ஒரு மருந்து பழமையானது என்பதாலேயே சிறந்ததாகாது. பின்வந்தது என்பதாலேயே தாழ்ந்ததும் ஆகாது. அதன் பயனைத் தீர்மானிக்க வேண்டியது மருத்துவச் சோதனை. ஆனால் இளங்கிளையின் பயனுக்கு ஜாங் ஜோங்ஜிங்கின் நூலைச் சான்றாகக் காட்டுவோர், அந்நூல் குய்-ஜி எனக் கூறும் இடத்தில் எதைக் கூறியது என்பதை முதலில் விளக்கியாக வேண்டும். மூலபாட ஆய்வு மருத்துவத்திற்குச் செய்யத்தக்க பணி இதுவே.